பெர்சியன் குட்டி வாங்க வருகிறீர்களா? எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறையும், வலை அடித்த பால்கனியும் பூனைகளுக்கு. மூன்று தாய்ப் பூனைகள், ஒரு ஆண், கருத்தடை செய்து ஓய்வாக இருக்கும் இரண்டு பெரியவர்கள். பெர்சியன் மட்டும்தான். கடையும் கிடையாது, வாசலில் போர்டும் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் போன் செய்கிறார். அப்படி வரும் போன்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எங்களிடம் வாங்காமல் வேறு வீட்டில் வாங்கினாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

"குட்டி இருக்கா அக்கா?"

பெரும்பாலான நாட்களில் இருக்காது. பூனையின் கர்ப்பகாலம் ஒன்பது வாரம். பிறந்த குட்டி 12 வாரம் தாயோடு இருக்க வேண்டும். ஆக, இன்று இணை சேர்த்தாலும் உங்கள் கைக்குக் குட்டி வர ஐந்து மாதம் ஆகும். ஒரு தாய்க்கு வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் நாங்கள் விடுவதில்லை. பெயரை எழுதி வைத்துக்கொண்டு, குட்டிகள் பிறந்ததும் வரிசைப்படி கூப்பிடுவோம்.

எந்த நேரம் கேட்டாலும் "இருக்கு, எந்தக் கலர் வேணும்?" என்று பதில் வருகிற இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். வருடம் முழுக்கக் குட்டி கிடைக்க வேண்டும் என்றால் அங்கே எத்தனை தாய்கள் இருக்க வேண்டும், அவை எங்கே, எப்படி அடைபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றவர்கள் 40 நாளிலேயே கொடுக்கிறார்களே, நீங்கள் மட்டும் ஏன் 12 வாரம் என்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

40 நாள் குட்டி அழகுதான். உள்ளங்கையில் உட்காரும், கண்கள் இன்னும் நீலம் மாறாமல் இருக்கும், பார்த்தவர்கள் விடமாட்டார்கள். ஆனால் அந்த வயதில் அது இன்னும் பால்குடிக் குட்டி. நாலாவது வாரத்தில்தான் கூழாகக் குழைத்த உணவை நக்க ஆரம்பிக்கிறது. முழுதாகப் பால் மறப்பது ஏழு எட்டு வாரத்தில்.

இரண்டாவது விஷயம் நோய் எதிர்ப்பு. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் இருந்து குட்டிக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தி கிடைக்கிறது. அது ஆறாவது வாரத்தில் இருந்து மெல்லக் குறையத் தொடங்கும். சில குட்டிகளுக்கு 16 வாரம் வரை கூட நீடிக்கும். அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அது போன பிறகு ஊசியும் இல்லை என்றால் குட்டிக்குக் காவலே இல்லை. அதனால்தான் மூன்று பூனை நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ட்ரைகேட் ஊசியை எட்டாவது வாரம், 12-வது வாரம், 16-வது வாரம் என்று பிரித்துப் போடுகிறார்கள். முதல் இரண்டும் எங்கள் வீட்டிலேயே போட்டுவிடுவோம். மூன்றாவதும் ரேபிஸ் ஊசியும் உங்கள் பொறுப்பு. முதல் பிறந்தநாளை ஒட்டி ஒரு பூஸ்டர் உண்டு.

மூன்றாவது, நடத்தை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டுதான் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் தம்பி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடுவான். தாய் ஒரு தட்டு தட்டுவாள். இதைக் கற்காமல் தனியாகப் போன குட்டி உங்கள் கையைத்தான் கடித்துப் பழகும். லிட்டர் தொட்டியில், அதாவது மலம் கழிக்கும் மணல் தொட்டியில், போய்ப் பழகுவதும் தாயோடு இருக்கும்போது எளிதாகிறது.

என் முதல் பெர்சியனை நான் வாங்கியது 40 நாளில்தான். ஒரு வாரச்சந்தையில், கூண்டில் மற்ற குட்டிகளோடு இருந்தது. மூன்றாம் நாள் வாந்தி. நாலாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டது. பான்லூக்கோபீனியா என்றார் மருத்துவர். பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் அது. வீட்டுக்குள் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் வேறு பூனையே எடுக்கவில்லை. 12 வாரத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அந்தக் குட்டிதான்.

வீட்டுக்கு வந்து பார்க்கலாமா?

கட்டாயம் வாருங்கள். பார்க்காமல் நாங்கள் கொடுப்பதும் இல்லை. ஆனால் முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் பார்வையாளர்களை உள்ளே விடுவோம். அதுவரை வீடியோ காலில் பார்க்கலாம். வருகிற அன்று வேறு பூனை வீட்டுக்கோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ போய்விட்டு நேராக இங்கே வர வேண்டாம். மேலே சொன்ன வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். செருப்பை வாசலிலேயே விட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் குட்டியைத் தூக்கலாம். இதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் சொந்த அக்கா வந்தாலும் இதுதான்.

வந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

குட்டியை அப்புறம் பாருங்கள். முதலில் தாயைப் பாருங்கள். "தாய் ஊருக்குப் போயிருக்கு", "தாய் வேற வீட்ல இருக்கு" என்றால் அந்த இடத்தில் குட்டி பிறக்கவில்லை, வாங்கி விற்கிறார்கள் என்று அர்த்தம். பால் கொடுத்த தாய் மெலிந்திருக்கும், முடி கொட்டியிருக்கும். அது இயல்பு. ஆனால் ஆளைக் கண்டு மிரண்டு கட்டிலுக்கடியில் ஓடும் தாயின் குட்டிகளும் பெரும்பாலும் மிரளும். வந்தவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் தாய்தான் நல்ல அறிகுறி. தகப்பன் பூனை வெளியில் இருந்து வந்ததாக இருக்கலாம், அது தவறில்லை. அதன் படமும் விவரமும் இருக்க வேண்டும்.

பிறகு மூக்கை நம்புங்கள். உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கிறதா? ஒரு தொட்டி சற்று முன் பயன்பட்ட வாசனை வேறு, மாதக்கணக்கில் ஊறிய நெடி வேறு. உங்களுக்கே தெரியும்.

இப்போது குட்டி. பெர்சியனுக்குக் கண்ணோரம் கொஞ்சம் ஈரமும் பழுப்புக் கறையும் இருக்கும், தட்டை முகத்தின் விளைவு அது. ஆனால் மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை, தொடர்ந்த தும்மல், மூக்கொழுகல் இருந்தால் வேண்டாம். காதுக்குள் காபித்தூள் தூவியது போலக் கறுப்பாக இருந்தால் காதுப் பூச்சி. வாலைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள், பேதி ஒட்டியிருக்கக் கூடாது. வயிறு மட்டும் பானை போல உப்பி முதுகெலும்பு தட்டினால் குடற்புழு இருக்கலாம். பூச்சி மருந்து எந்தெந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது வாரத்தில் இருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்திருக்க வேண்டும்.

பலரும் பார்க்கத் தவறுவது படர்தாமரை. நீள முடிக்குள் ஒளிந்திருக்கும். காது நுனி, மூக்கின் மேல், முன்கால், வால் என்று முடியை விலக்கிப் பாருங்கள். வட்டமாக முடி உதிர்ந்து, செதில் செதிலாக இருந்தால் அதுதான். பெர்சியன்களுக்கு இது எளிதில் தொற்றும், போகவும் வாரக்கணக்கில் ஆகும், வீட்டில் குழந்தைகளுக்கும் வரும். "குளிப்பாட்டினா போயிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எடையும் கேளுங்கள். ஆரோக்கியமான குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏறும். எங்களிடம் பிறந்த நாளில் இருந்து சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிய நோட்டு இருக்கிறது. கேட்டால் காட்டுவோம், கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

கடைசியாக, பத்து நிமிடம் தரையில் சும்மா உட்காருங்கள். எந்தக் குட்டி உங்களிடம் வருகிறது என்று பாருங்கள். கலர் பார்த்து முடிவு செய்து வந்தவர்கள் பலர் இந்தப் பத்து நிமிடத்தில் மனம் மாறி வேறு குட்டியோடு போயிருக்கிறார்கள்.

டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ், டிரிபிள் கோட்: இவை என்ன?

முதல் மூன்றும் முகத்தின் நீளத்தைச் சொல்கின்றன. மூக்கு ஓரளவு எடுப்பாகத் தெரிந்தால் டால் ஃபேஸ், கண்களுக்கு நடுவில் அழுந்திப் போயிருந்தால் பஞ்ச் ஃபேஸ், இடைப்பட்டது செமி பஞ்ச். பஞ்ச் ஃபேஸுக்குத்தான் விலை அதிகம். நான் டால் ஃபேஸ்தான் வளர்க்கிறேன், தெரிந்தேதான். முகம் தட்டையாகத் தட்டையாகக் கண்ணீர்க் குழாய் வளைந்து அடைபடுகிறது, மூச்சுத் துவாரம் குறுகுகிறது, பற்கள் இடம் மாறி முளைக்கின்றன. வெயில் காலத்தில் மூச்சு விடவே திணறும் பூனையை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிரிபிள் கோட் என்பது விற்பவர்கள் வைத்த பெயர். அப்படி ஒரு தனி வகை இல்லை. குட்டியின் முடி அடர்த்தியாக இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பேப்பர் உண்டா? கே.சி.ஐ. சான்றிதழ் தருவீர்களா?

கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களுக்கான அமைப்பு. பூனைக்கு அங்கே சான்றிதழ் கிடையாது. பூனைக்கு கே.சி.ஐ. பேப்பர் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். பூனைகளின் வம்சாவளியைப் பதியும் உலக அமைப்புகள் வேறு: அமெரிக்காவில் 1906-இல் தொடங்கிய சி.எஃப்.ஏ., 1979-இல் தொடங்கிய டிக்கா, ஐரோப்பாவின் டபிள்யூ.சி.எஃப். போன்றவை. அவற்றின் வம்சாவளிப் பத்திரத்தில் குட்டியின் பெற்றோர், தாத்தா பாட்டி எனத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு எண்ணோடு இருக்கும்.

எங்கள் ஆண் பூனைக்கும் ஒரு தாய்க்கும் பத்திரம் உண்டு. அந்த இணையின் குட்டிகளுக்கு மட்டுமே பத்திரம் தர முடியும். மற்ற இரண்டு தாய்களும் பார்க்கப் பெர்சியன்தான், குணத்திலும் பெர்சியன்தான், ஆனால் பத்திரம் இல்லை. அவற்றின் குட்டிகளைத் "தூய இனம்" என்று சொல்லி விற்க மாட்டேன், விலையும் குறைவு. தமிழ்நாட்டில் பெர்சியன் என்று கைமாறும் குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை பத்திரம் இல்லாதவைதான். மடியில் வைத்துக் கொஞ்ச அதுவே போதும். பத்திரம் இருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு இல்லாததை வாங்கி ஏமாறாதீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று: தடுப்பூசி அட்டையில் "இனம்: பெர்சியன்" என்று எழுதியிருப்பது பத்திரம் ஆகாது. உரிமையாளர் சொன்னதைத்தான் மருத்துவர் எழுதுகிறார்.

பி.கே.டி. என்கிறார்களே, அது என்ன?

இதை யாருமே கேட்பதில்லை. நானாகத்தான் சேர்த்தேன், ஏனென்றால் மேலே இருக்கும் எல்லாவற்றையும் விட இது முக்கியம்.

பெர்சியன் இனத்தில் வழிவழியாக வரும் சிறுநீரக நோய் இது. பிறக்கும்போதே சிறுநீரகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது, குட்டி துள்ளி விளையாடும். கட்டிகள் வருடக்கணக்கில் பெரிதாகி, ஏழு வயதை ஒட்டி, சிலவற்றுக்கு அதற்கு முன்பே, சிறுநீரகம் செயலிழக்கும். தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், சராசரியாகக் குட்டிகளில் பாதிக்குப் போய்ச் சேரும். இதற்கான மரபணுப் பிழையை 2004-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய காலத்தில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ் போன்ற நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பெர்சியன்களுக்கு இது இருந்தது. பெற்றோரைச் சோதித்து, இருப்பதை இனப்பெருக்கத்தில் விடாமல் நிறுத்தினால் அந்த வம்சத்திலிருந்து ஒரே தலைமுறையில் நீக்கிவிடலாம். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய நோயைத் தடுக்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

சோதனை இரண்டு வகை. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மாதிரி எடுத்து மரபணு ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்று. பத்து மாதம் தாண்டிய பூனைக்கு அனுபவமுள்ள மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் எடுப்பது இன்னொன்று. எங்கள் தாய்களுக்கும் ஆணுக்கும் மரபணுச் சோதனை அறிக்கை இருக்கிறது. வேறு இடத்தில் வாங்கப் போகிறீர்கள் என்றால் "பேரண்ட்ஸுக்கு பி.கே.டி. டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை விட, கேட்டதும் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள் உள்ள வெள்ளைக் குட்டி வேண்டும்.

ஆட் ஐ என்று பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் முழு வெள்ளைப் பூனைகளில் இரண்டு கண்ணும் நீலமாக இருப்பவற்றில் 65 முதல் 85 சதவீதம் வரை பிறவியிலேயே காது கேளாதவை. ஒரு கண் மட்டும் நீலம் என்றால் சுமார் 40 சதவீதம், அதுவும் பெரும்பாலும் அந்த நீலக் கண் பக்கத்துக் காது. குட்டி தூங்கும்போது அதன் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையைத் தட்ட வேண்டாம், அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும். காது கேளாத பூனையும் வீட்டுக்குள் நன்றாகவே வாழும், வெளியே மட்டும் விடக் கூடாது. விற்பவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிமாலயன் என்று சொல்லப்படும் பாயின்ட் நிறக் (முகம், காது, கால், வால் மட்டும் கருமையான) குட்டிகளின் நீலக் கண்ணுக்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லை, அது வேறு மரபணு.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு கிடைக்குமா?

கிடைக்காது. காது மடிவதற்குக் காரணமான அதே மரபணுதான் உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. மடிந்த காதுள்ள பூனை ஒவ்வொன்றுக்கும் கொஞ்சமாகவோ அதிகமாகவோ மூட்டுப் பிரச்சினை உண்டு. 1961-இல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் கண்டெடுத்த பூனையில் இருந்து வந்த இனம் அது. பிரிட்டனின் பூனைச் சங்கமே 1970-களின் தொடக்கத்தில் அதைப் பதிவதை நிறுத்திவிட்டது.

விலை ஏன் இவ்வளவு? கொஞ்சம் குறைக்கக் கூடாதா?

சென்னையில் பெர்சியன் குட்டி 5,000 ரூபாய்க்கும் கிடைக்கும், 50,000 ரூபாய்க்கும் கிடைக்கும். எங்கள் விலை நடுவில். தாய்க்குச் சோதனைகள், கர்ப்ப ஸ்கேன், எல்லாக் குட்டிகளுக்கும் இரண்டு ஊசி, பூச்சி மருந்து, 12 வார உணவு. பெர்சியன் குட்டிகளின் தலை பெரிதாக உருண்டையாக இருப்பதால் பிரசவம் சிக்கலாகி சிசேரியன் வரைக்கும் போவதுண்டு. இரவு இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறோம். 40 நாளில் கொடுத்துவிட்டால் இதில் பாதிச் செலவு மிச்சம், அதனால்தான் அங்கே விலை குறைவு. மிச்சமான அந்தச் செலவு பிறகு மருத்துவர் பில்லாக உங்களிடம் வரும். பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்பணம் கட்ட வேண்டுமா?

நேரில் வந்து, குட்டியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு ஒரு சிறு தொகை. அதற்கு முன் ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "பாதி ஜிபே பண்ணுங்க சார், மீதி டெலிவரில" என்பவர்களிடம் பணம் இழந்துவிட்டு எங்களைக் கூப்பிட்டவர்கள் பலர். முதலில் 3,000, அப்புறம் கூண்டுக்கு 2,000, அப்புறம் திரும்பித் தரப்படும் இன்சூரன்ஸ் என்று 5,000, அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். படம் இணையத்தில் எடுத்ததாக இருக்கும். ஒரு வழி சொல்கிறேன்: வீடியோ காலில் வரச் சொல்லுங்கள், ஒரு தாளில் இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதி அந்தக் குட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உண்மையாகக் குட்டி வைத்திருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை.

மதுரைக்கு பஸ்ஸில் போட்டு அனுப்புவீர்களா?

மாட்டோம். ஆம்னி பஸ்ஸின் லக்கேஜ் பெட்டியில், பிளாஸ்டிக் கூடையில், எட்டு மணி நேரம் இருட்டிலும் சூட்டிலும் ஒரு குட்டி வருவதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் வாருங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள். காரில் கூடவே கூட்டிப் போனால் போதும்.

எங்கள் வீடு சைவம். தயிர்சாதம், பால் கொடுத்து வளர்க்கலாமா?

முடியாது. மன்னிக்க வேண்டும், இதில் சமரசமே இல்லை. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது, மாமிசத்தில் இருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து விரியும். பால் மறந்த பூனைக்குப் பசும்பால் செரிக்காது, பேதியாகும்.

ஆனால் சைவ வீட்டில் பூனை வளர்க்கவே முடியாது என்று இல்லை. எங்களிடம் வாங்கிய ஐயர் வீடுகள் உண்டு, ஜைன வீடும் ஒன்று உண்டு. நீங்கள் கறி சமைக்க வேண்டியதில்லை. குட்டிகளுக்கான உலர் உணவும் பவுச்சும் போதும், தனிக் கிண்ணம், தனி மூலை. அந்தப் பாக்கெட்டை வீட்டுக்குள் வைக்கவே மனம் ஒப்பவில்லை என்றால் முயல் வளர்ப்பதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு பேருக்கும் நிம்மதி.

சென்னை வெயில் தாங்குமா? ஏ.சி. கட்டாயமா?

நாள் முழுக்க வேண்டாம். ஆனால் மே மாதத்தில் 40 டிகிரி தாண்டும்போது மதிய நேரத்துக்கு ஏ.சி. அல்லது ஏர் கூலரோடு ஓர் அறை இருக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள மேல்தள வீடு, ஏ.சி. இல்லை, பகலில் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம் என்றால் நான் குட்டி கொடுக்க மாட்டேன். பூனை நாய் போல வாயைத் திறந்து இளைத்தால் அது அவசரம். ஈரத் துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் வைத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

தினமும் சீவ வேண்டுமா?

தினமும். பத்து நிமிடம், ஸ்டீல் சீப்பால், அக்குளையும் வயிற்றையும் பின்தொடையையும் விடாமல். ஒரு வாரம் விட்டால் சிக்கு சடையாகித் தோலை இழுக்கும். பிறகு மொட்டைதான் வழி. ஐந்தாவது வாரத்தில் இருந்தே எங்கள் குட்டிகளுக்குச் சீப்புப் பழக்கம் உண்டு. நீங்கள் விடாமல் தொடர வேண்டும். தினம் பத்து நிமிடம் இல்லாத வீட்டுக்குப் பெர்சியன் சரிப்படாது.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது. முடி வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்கிறார்களே?

முடி விழுங்கினால் அது வெளியே போய்விடும். கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியை. தொற்று வந்த பூனை வாழ்க்கையில் ஒரு சில வாரங்கள்தான் அதை மலத்தில் வெளியேற்றும், அதுவும் ஒன்று முதல் ஐந்து நாள் கழித்தே பிறருக்குத் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே தொட்டியைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்துவிட்டால் போதும். வீட்டை விட்டு வெளியே போகாத, பச்சைக் கறி தின்னாத பூனைக்கு அது வருவதே அரிது. வேகாத கறியும் கழுவாத காய்கறியும்தான் பெரிய வழி. மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒவ்வாமை வேறு விஷயம். அது முடியால் வருவதில்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதத்தால் வருகிறது. வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால் அவரையும் அழைத்து வந்து ஒரு மணி நேரம் எங்கள் பூனைகளோடு உட்கார வையுங்கள். வாங்கிய பிறகு தெரிவதை விட அது நல்லது.

ஜோடியாகக் கொடுப்பீர்களா? குட்டி போட வைக்கலாம் என்று இருக்கிறோம்.

இல்லை. கருத்தடை செய்வதாக எழுதிக் கொடுத்தால்தான் குட்டி. "ஒரு தடவை குட்டி போட்டாத்தான் பொண்ணுக்கு நல்லது" என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். உண்மை நேர் எதிர். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பெண் பூனைக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 91 சதவீதம் குறைவு என்று ஆய்வு இருக்கிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனை வளர்ந்ததும் சோபாவிலும் திரையிலும் மூத்திரம் பீய்ச்சத் தொடங்கும், அந்த நெடியைப் போக்குவது பெரும்பாடு. கருத்தடை செய்ததற்கான சான்றை அனுப்பினால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம்.

இவ்வளவு பார்த்தால், நாட்டுப் பூனையே எடுத்துவிடலாமா?

எடுங்கள்! மனதாரச் சொல்கிறேன். சீவ வேண்டாம், வெயில் தாங்கும், கூர்மையான புத்தி. புளூ கிராஸ் போன்ற இடங்களில் வீடு கிடைக்காமல் குட்டிகள் காத்திருக்கின்றன. பெர்சியனின் அமைதியும் அந்த முகமும்தான் வேண்டும் என்று தெரிந்து வருபவர்களுக்குத்தான் நான்.

வாங்கிய பிறகு பிரச்சினை வந்தால்?

மூன்று நாளுக்குள் நீங்கள் நம்பும் மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி. எங்கள் வீட்டிலேயே வந்த நோய் என்று அவர் எழுதிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறோம், அல்லது சிகிச்சைச் செலவை ஏற்கிறோம். ஐந்து வருடம் கழித்து வெளிநாட்டு வேலை, திருமணம், வீட்டுக்காரர் பூனை கூடாது என்கிறார் என்று எது வந்தாலும் தெருவில் விடாதீர்கள், இணையத்தில் விற்காதீர்கள். எங்களுக்குப் போன் செய்யுங்கள், திரும்ப எடுத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும் இரண்டு பெரியவர்கள் என்றேனே, அதில் ஒன்று அப்படித் திரும்பி வந்ததுதான்.

குட்டி வருமுன் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடியுங்கள். அடுக்குமாடியில் பூனை விழுவது அடிக்கடி நடக்கிறது. அந்துருண்டையை எடுத்துவிடுங்கள், லில்லிப் பூவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் தடவாதீர்கள், பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம்.

எடுக்க வரும் நாளில் என்ன கொண்டு வரட்டும்?

கதவு பூட்டும் கேரியர் ஒன்று, மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று வராதீர்கள். பழைய, மெல்லிய பருத்தித் துணி ஒன்று, பழைய வேட்டித் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் அதை ஒரு வாரம் முன்பே எங்களிடம் கொடுத்துவிடுங்கள், தாய் படுக்கும் இடத்தில் விரித்து வைப்பேன். குட்டி உங்கள் வீட்டில் தூங்கப் போகும் மூலையில் அதைப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு அழும், அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிடும். ஒரு மாதம் அதைத் துவைக்க வேண்டாம்.